என் தொகுதி எம்.பி. ஒரு மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார் என்று இணையத்தில் பார்க்க முடியுமா?

சில மசோதாக்களுக்கு முடியும். பெரும்பாலானவற்றுக்கு முடியாது. யாரும் ஒளித்து வைக்கவில்லை, அப்படியொரு பதிவே உருவாவதில்லை.

மக்களவையில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறுகின்றன. 'ஆம்' என்போரும் 'இல்லை' என்போரும் குரல் கொடுப்பார்கள், எந்தப் பக்கம் அதிகம் என்று சபாநாயகர் அறிவிப்பார், அவ்வளவுதான். அதை ஏற்காத உறுப்பினர் டிவிஷன், அதாவது எண்ணி எடுக்கும் வாக்கெடுப்பு, கேட்டால்தான் வாக்குகள் பெயர்வாரியாகப் பதிவாகும். அரசியல் சட்டத் திருத்தம் என்றால் சிறப்புப் பெரும்பான்மை தேவை, எண்ணியே ஆக வேண்டும். 2023 செப்டம்பரில் மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதாவுக்கு மக்களவையில் 454 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு என்று நமக்குத் தெரிவது அதனால்தான்.

வேளாண் மசோதாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டன. அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேற்றிவிட்டார்கள். டெல்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் விவசாயிகளை உட்கார வைத்த சட்டங்களுக்கு, யார் எந்தப் பக்கம் என்று காட்டும் பட்டியல் கிடையாது. அதே அவையில் 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்த மசோதாவுக்கு டிவிஷன் நடந்தது. அதிமுக எம்.பி.க்கள் ஆதரித்து வாக்களித்தார்கள் என்று 2021 தேர்தலில் திமுக அடித்துப் பேச முடிந்தது.

சரி, டிவிஷன் நடந்திருந்தால்? நாடாளுமன்றத்தின் சன்சத் தளத்தில் அன்றைய அவை விவாதங்களின் பிடிஎஃப்பைத் திறந்து, வாக்கெடுப்பு வரும் இடத்தில் பெயர்களைத் தேடுங்கள். செய்தியில் உடனடியாக வரும் எண்ணிக்கையை மட்டும் நம்பிவிடாதீர்கள். 2024 டிசம்பர் 17 அன்று 'ஒரே நாடு ஒரே தேர்தல்' மசோதா அறிமுகத்தின்போது மின்னணுப் பலகை முதலில் காட்டியது 220-149. சீட்டில் வாக்களித்தவர்களையும் சேர்த்த பிறகு அது 269-198 ஆனது.

பிரிட்டனில் ஒவ்வொரு டிவிஷனையும் பெயர்களோடு, மென்பொருள்கள் நேரடியாகத் தரவை எடுத்துக்கொள்ளும் ஏபிஐ வழியாகவும் நாடாளுமன்றமே தருகிறது. நம்மிடம் அந்தப் பழக்கம் வரவில்லை என்பதுதான் எரிச்சல்.

இன்னொன்று, இப்படி வாக்களியுங்கள் என்று கட்சி பிறப்பிக்கும் கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகும் என்பதால் ஒருவரின் வாக்கு பெரும்பாலும் கட்சியின் வாக்குதான். ஆகவே நான் முதலில் பார்ப்பது பட்டியலில் இல்லாத பெயர்களை, அதாவது வாக்களிக்காதவர்களை. வருகை, கேள்விகள், விவாதங்கள் எல்லாம் நாடாளுமன்றப் பணிகளை ஆராயும் பிஆர்எஸ் (PRS) என்ற அமைப்பின் தளத்தில் எம்.பி.வாரியாகக் கிடைக்கும். அமைச்சர்கள் போன்ற சிலருக்கு வருகைக் கணக்கு இருக்காது, அவர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதில்லை.