கடல் எஞ்சின் கேள்வி–பதில்: கியர் ஒயில் மாற்றுவது வாடைக்கு முன்னா, பின்னா?

கேள்வி: நிலாவெளியில் சுற்றுலாப் பயணிகளைப் புறாத்தீவுக்கும் திமிங்கிலம் பார்க்கவும் ஏற்றிப்போகும் போட் ஒன்று வைத்திருக்கிறோம். எஞ்சின் உள்ளே, கியரும் புரொப்பலரும் உள்ள டிரைவ் பின்னால் வெளியே, அந்த ஸ்டெர்ன்டிரைவ் வகை. மேர்க்ரூசர் அல்பா வன். டிரைவின் ஒயிலைத் திறந்து பார்த்தால் பால் தேத்தண்ணி நிறத்தில் இருக்கிறது. சீசன் முடியப் போகிறது, வாடை (வடகிழக்குப் பருவக்காற்று) மாதங்களில் போட்டைக் கரையேற்றி வைத்துவிட்டு அடுத்த சீசன் தொடங்கும்போது ஒயில் மாற்றினால் போதும் என்கிறார் மெக்கானிக். சரியா?
— வாசகர், நிலாவெளி

பதில்: வேண்டாம் தம்பி, கரையேற்றுவதற்கு முன்னமே மாற்றுங்கள். அந்த நிறம் வந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம், அதுவும் உப்புத் தண்ணீர். போட் தினமும் ஓடும்வரை கியர் சுற்றிச் சுற்றி ஒயிலை எல்லா இடமும் பூசிக்கொண்டிருக்கும். வாடைக்கு இழுத்து வைத்தீர்களோ, தண்ணீர் மெல்லப் பிரிந்து அடியில் இறங்கி, பெயரிங்கும் கியர்ப் பல்லும் அதற்குள்ளேயே மாதக் கணக்கில் கிடக்கும். சீசன் தொடங்கும்போது புது ஒயில் விடலாம்தான், ஆனால் பெயரிங்கில் விழுந்த துருப் புள்ளியை எந்த ஒயிலும் அழிக்காது. எஞ்சினோடு வரும் கையேட்டிலும் குளிர்காலத்துக்கு முன் மாற்றச் சொல்லியிருப்பார்கள். அங்கே அவர்கள் பயப்படுவது உள்ளே நிற்கும் தண்ணீர் உறைந்து, விரிந்து, டிரைவின் கூட்டையே வெடிக்க வைத்துவிடும் என்று. திருகோணமலையில் எதுவும் உறையாது, அதனால் அந்த வரி நமக்கு இல்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நமக்கு உறைபனி இல்லை, துரு இருக்கிறது. ஓடிய நேரம் 100 மணித்தியாலம், அல்லது வருடத்துக்கு ஒரு தடவை, இரண்டில் எது முன்னே வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவைதான் என்றால் அது வாடைக்கு முன்னால்தான்.

செய்யும் முறை பெரிய வித்தையல்ல. டிரைவை முழுதாகக் கீழே இறக்கி நேராக நிறுத்துங்கள். இரவு முழுக்க சும்மா நின்ற போட் என்றால் காலையில் எஞ்சினைத் தொடாமல் முதலில் அடி ஸ்குரூவை ஒரு சுற்று மட்டும் தளர்த்திப் பாருங்கள். தண்ணீர் ஒயிலைவிடக் கனம் என்பதால் பிரிந்திருந்தால் அதுதான் முதலில் சொட்டும். எஞ்சினை ஓட்டிவிட்டுப் பார்த்தால் எல்லாம் கலந்துபோய் ஒன்றும் விளங்காது. ஒயிலைச் சூடாக்கி வடிக்கச் சொல்வதும் குளிர் நாட்டு வழக்கம்தான், நிலாவெளி வெயிலில் நிற்கும் டிரைவுக்கு அது தேவையில்லை. அப்புறம் அடி ஸ்குரூவை முழுதாகக் கழற்றி, மேலே பக்கவாட்டில் இருக்கும் காற்று ஸ்குரூவையும் கழற்றினால் கடகடவென்று இறங்கிவிடும். ஸ்குரூக்களை மணலில் வைக்காதீர்கள், ஒரு மணல் துகள் போதும் வோஷர் இறுகாமல் போக. பழைய வோஷரைத் திரும்பப் போடவும் கூடாது. தண்ணீர் போன டிரைவ்களில் கணிசமானவற்றுக்குக் காரணம் இந்தச் சின்ன வோஷர்தான், சீல் (தண்ணீர் நுழையாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றக் காசு கேட்கும் மெக்கானிக்கிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

எஞ்சின் அறையில் கியர் ஒயில் போத்தல் ஒன்று இருக்கும், குழாய் வழியாக டிரைவோடு சேர்ந்தது. அதையும் சேர்த்து உங்கள் டிரைவுக்கு இரண்டு லீற்றருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் போகும். இனிமேல் தினமும் காலையில் அந்தப் போத்தலை ஒரு பார்வை பாருங்கள். மட்டம் இறங்கினால் ஒயில் எங்கோ வெளியேறுகிறது, மட்டம் ஏறினாலோ நிறம் வெளுத்தாலோ தண்ணீர் உள்ளே வருகிறது.

பழைய ஒயில் இறங்கியதும் புதியதை விட்டால் வேலை முடிந்ததென்று நினைக்க வேண்டாம். தண்ணீர் வந்த வழி இன்னும் திறந்துதான் இருக்கிறது. புரொப்பலரைக் கழற்றி அதன் பின்னால் பாருங்கள். நம்ம கடலில் அங்கே தங்கூசி (மீன்பிடி நைலோன் நூல்) சுற்றியிருப்பது சாதாரணம், அது இறுகி இறுகி சீலின் உதட்டை வெட்டிவிடும். மேலே ஒன்றும் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு சுற்றாக வெட்டி எடுங்கள், அடியில் மெல்லிய நூலொன்று புதைந்திருக்கும். பிறகு ஒயில் இல்லாத டிரைவுக்குள் கைப் பம்பால் 10 முதல் 15 பிஎஸ்ஐ காற்றடித்து ஐந்து நிமிடம் அழுத்தமானியின் ஊசி அசையாமல் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இறங்கினால் சவர்க்காரத் தண்ணீர் தடவி, குமிழி வரும் இடத்தைப் பிடிக்கலாம். இந்தச் சோதனை செய்யாமல் சாமான் பட்டியல் எழுதித் தரும் ஆளிடம் போட்டை விடாதீர்கள்.

சீல் சரிசெய்து புது ஒயில் விட்டபிறகும் முதல் ஓட்டத்தில் நிறம் கொஞ்சம் மங்கலாக வரலாம், மூலைகளில் தங்கிய பழசு அது. இன்னொரு தடவை மாற்றுங்கள். அதற்கும் பிறகு பாலாக வந்தால்தான் கவலை.

கேள்வி: லொறிக்கு விடும் 90 கியர் ஒயிலை எங்கள் 25, 40 குதிரைவலு போட் எஞ்சின்களுக்கும் விடலாமா? விலை குறைவு.
— வாசகர், கிண்ணியா

பதில்: ஓடும். ஆனால் மரீன் கியர் ஒயிலில் கொஞ்சம் தண்ணீர் கலந்தாலும் உலோகத்தில் துரு பிடிக்காமல் காக்கும் மருந்து சேர்த்திருக்கிறார்கள். லொறியின் கியர்ப் பெட்டி கடலுக்குள் மூழ்கி நிற்பதில்லை, அதனால் அந்த ஒயிலை அப்படிச் செய்வதில்லை. உங்கள் 25, 40 குதிரைவலு எஞ்சினுக்குப் போவதே அரை லீற்றர் அளவுதானே, அதில் என்ன பெரிய மிச்சம்? ஒன்று மட்டும்: சில பழைய வொல்வோ பென்டா டிரைவ்களுக்குக் கியர் ஒயிலே இல்லை, எஞ்சின் ஒயில்தான் சொல்லியிருப்பார்கள். கையேட்டைப் பார்க்காமல் எதையும் ஊற்றாதீர்கள்.

கேள்வி: மேல் ஓட்டையால் ஒயில் ஊற்றுகிறேன், நிரம்பி வழிகிறது. ஒரு நாள் கடலுக்குப் போய்வந்து பார்த்தால் குறைந்திருக்கிறது. கசிவும் இல்லை.
— வாசகர், மூதூர்

பதில்: கசிவில்லை, காற்று. மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே சிக்கி, நிரம்பியது போலக் காட்டும். அடி ஓட்டையில் பம்பையோ ட்யூபையோ செருகி மெதுவாக ஏற்றுங்கள், மேல் ஓட்டையால் குமிழி இல்லாமல் ஒயில் வரும்வரை. வந்ததும் மேல் ஸ்குரூவை முதலில் பூட்டுங்கள், பிறகுதான் பம்பை எடுக்க வேண்டும். மேலே காற்று நுழைய வழியில்லாததால் கீழே ஒயில் அதிகம் கொட்டாது, அடி ஸ்குரூவை நிதானமாகவே பூட்டலாம். இந்த வரிசையை மாற்றினால் பாதி ஒயில் காலில்தான். போட்டில் ஒயில் போத்தல் வைத்த டிரைவ் என்றால் மேல் ஸ்குரூவைப் பூட்டியபிறகும் போத்தலில் ஒயில் தெரியும்வரை பம்ப் பண்ண வேண்டும்.

கேள்வி: அடி ஸ்குரூவின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருக்கிறது. கியர் தேய்கிறதா?
— வாசகர், குச்சவெளி

பதில்: விரலில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். வழுவழுவென்று கரைந்தால் வழக்கமான தேய்மானம், துடைத்துவிட்டுப் பூட்டுங்கள். நறநறவென்று குத்தினாலோ, செதில் செதிலாக மின்னினாலோ எஞ்சினை ஓட்டாதீர்கள், கியரை முன்னே பின்னே போடும்போது கடகடவென்று சத்தம் வந்திருந்தால் இன்னும் நிச்சயம். பெட்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: வடித்த பழைய ஒயிலை என்ன செய்வது? மீன் வாடிக்குப் பின்னால் குழி தோண்டி ஊற்றலாமா?
— வாசகர், சல்லி

பதில்: கூடாது. உங்கள் ஊர் மணல் தரை, கொஞ்ச ஆழத்திலேயே கிணற்றுத் தண்ணீர். மூடியுள்ள கலனில் சேர்த்து வையுங்கள், பழைய ஒயில் எடுக்கும் வாகனக் கராச்சில் கொடுத்துவிடலாம். பாலாகிப்போன ஒயிலை மட்டும் வேறு கலனில் வையுங்கள், தண்ணீர் கலந்ததை அவர்கள் எடுக்க மறுக்கலாம், கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள்.