மீட்டெடுத்த பெண் முயலுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்யலாமா?

மயக்க மருந்து கொடுத்து, கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிடுவதுதான் இந்த அறுவை சிகிச்சை. ஆபத்து உண்டு, இருந்தாலும் ஆரோக்கியமான முயலுக்குச் செய்துவிடுங்கள் என்றே சொல்வேன். குட்டிகளைத் தடுப்பதற்காக மட்டுமல்ல. 3, 4 வயதைத் தாண்டிய பெண் முயல்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வருவது மிகவும் சகஜம். அது நுரையீரல்வரை பரவக்கூடியது.

மீட்டு வந்தவுடனே வேண்டாம். நன்றாகத் தின்று எடை தேறட்டும். சினையாகவும் இருக்கலாம், மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். முயல்களுக்கு அடிக்கடி அறுவை செய்து பழகியவராக இருப்பது முக்கியம். அறுவைக்குப் பிறகு வலிமருந்து கட்டாயம் தேவை. முயலின் குடல் ஓடும் வாய்க்கால் மாதிரி. வலியில் தின்னாமல் கிடந்தால் தேங்கிவிடும், உயிருக்கே ஆபத்து.

அப்புறம், நாய், பூனை போல அறுவைக்கு முதல் நாள் இரவே பட்டினி போட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மயக்கத்தில் வாந்தி வந்துவிடாமல் இருக்கத்தான் அவற்றுக்கு அந்தப் பட்டினி. முயலால் வாந்தி எடுக்க முடியாது. அதற்குப் பட்டினி கெடுதலே செய்யும்.