‘நானே போட்டுடறேன்’: கோடைப் பயணமும் தீராத கார்டு கடனும்

கேள்வி: நாங்கள் இல்லினாய்ஸ் மாநிலம் நேப்பர்வில்லில் இருக்கிறோம். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு இங்கே வந்த பிறகு பேஸ்பால் பைத்தியம் பிடித்துவிட்டது. 30 அணிகளின் மைதானங்களையும் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. இதுவரை 7 ஆகியிருக்கிறது. இந்தக் கோடையில் செயின்ட் லூயிஸ், கேன்சஸ் சிட்டி, டென்வர் என்று காரில் போகத் திட்டம். கேன்சஸ் சிட்டியில் என் சித்தி மகள் இருக்கிறாள். டென்வரில் என் கணவரின் அண்ணன் குடும்பம். அங்கிருந்து எல்லோருமாக ஆர்.வி. (படுக்கை, சமையலறையோடு கூடிய வாடகை வண்டி) எடுத்து யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போகலாம், ‘நீங்க புக் பண்ணிடுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்’ என்கிறார் பெரியத்தான். மொத்தம் 4,800 டாலர் ஆகும். கிரெடிட் கார்டில் ஏற்கெனவே 6,200 டாலர் பாக்கி, வட்டி 23%. மாதம் 200 டாலர் கட்டுகிறோம். வரி திரும்ப வந்த 2,300 டாலர் சேமிப்பில் இருக்கிறது. பயணத்துக்குப் புதிய டிராவல் கார்டு வாங்கினால் 60,000 பாயின்ட் தருகிறார்கள். வாங்கலாமா, அல்லது தவணையில் கட்டும் வசதியை எடுக்கலாமா? கடனை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

— வாசகி, நேப்பர்வில்

பதில்: பட்ஜெட் போடுங்கள், வெளியே சாப்பிடுவதைக் குறையுங்கள் என்றெல்லாம் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. கடிதத்தோடு இரண்டு கோடைகளின் கார்டு ஸ்டேட்மென்டையும் வரிவரியாகக் குறித்து அனுப்பியிருக்கிறீர்கள். கணக்கு உங்களுக்குத் தெரியும். அந்த ஸ்டேட்மென்டில் என் கண்ணில் பட்டது வேறு ஒன்று.

போன கோடையில் அண்ணன் குடும்பம் சிகாகோ வந்தபோது ரிக்ளி ஃபீல்ட் மைதானத்தில் 9 டிக்கெட், 630 டாலர். உள்ளே சாப்பாடும் குடிப்பதற்கும் 250. அதற்கு முந்தைய கோடையில் டெட்ராய்ட், கிளீவ்லேண்ட், சின்சினாட்டி, பிட்ஸ்பர்க் சுற்றியபோது ஒவ்வொரு ஊரிலும் உறவினர் வீட்டாருக்கு டின்னர், டிக்கெட். மற்றவர்களுக்காக உங்கள் கணவர் தேய்த்ததை மட்டும் கூட்டினேன். சுமார் 2,300 டாலர் வருகிறது. ஒருவரிடமும் திரும்ப வாங்கவில்லை. உங்கள் கடனில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இதுதான். பில் வந்ததும் ‘நானே போட்டுடறேன், பாயின்ட் வரும்’ என்று கார்டை நீட்டும் பழக்கம். இதை நிறுத்தாமல் எந்தப் புதுக் கார்டு வாங்கியும் பயனில்லை.

அவர் ஏன் கேட்கத் தயங்குகிறார் என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். அவருடைய எம்.எஸ். படிப்புக்குப் பணம் கட்டியது அண்ணன். அந்த நன்றி பெரியது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் 6,200 டாலருக்கு 23% என்றால் மாத வட்டி ஏறக்குறைய 119 டாலர். நீங்கள் கட்டும் 200-இல் அசலுக்குப் போவது 81 மட்டும். வருடம் முழுக்க 2,400 டாலர் கட்டினாலும் பாக்கி 5,100 பக்கம்தான் இறங்கும். இதில் அண்ணனுக்கு ஒரு டாலர்கூடப் போகவில்லை. அவருக்குத் தெரிந்தால் அவரே வருத்தப்படுவார்.

இப்போது 4,800-ஐ இதன் மேல் ஏற்றினால் 11,000. மாத வட்டி மட்டும் 210 டாலர் தாண்டும். நீங்கள் கட்டும் 200 வட்டிக்கே பற்றாது. இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: பழைய பாக்கி இருக்கும் கார்டில், புதிதாக வாங்குவதற்கு வழக்கமாகக் கிடைக்கும் வட்டியில்லா நாட்கள் கிடைக்காது. செயின்ட் லூயிஸில் பெட்ரோல் போட்ட அன்றே அந்தப் பணத்துக்கு வட்டி ஓட ஆரம்பித்துவிடும்.

பாயின்ட் கணக்கையும் போட்டுவிடுவோம். 4,800 டாலர் செலவுக்கு ஒன்றரை சதவீதம் என்று வைத்தால் 72 டாலர் திரும்பும். அதே 4,800-க்கு ஒரு மாத வட்டி 92. முதல் மாதத்திலேயே பாயின்ட் காலி. 60,000 பாயின்ட் தரும் கார்டுகளும், மூன்று மாதத்தில் நாலாயிரம், ஐயாயிரம் டாலர் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் வருகின்றன. மாதாமாதம் முழுத் தொகையும் கட்டுகிறவர்களுக்கு அவை லாபம். இன்றைய நிலையில் உங்களுக்கு வேண்டாம். ஹோட்டல் புக் செய்யும்போது ‘மாதம் 89 டாலர் மட்டும்’ என்று வரும் தவணை வசதியும் அப்படித்தான். கடனின் பெயர் மாறுகிறது, கடன் மாறவில்லை. சிலருக்கு அதில் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டும்.

ஆர்.வி. விஷயத்துக்கு வருகிறேன். இரவுக்கு 230 வீதம் 6 இரவு, 1,380. இன்ஷூரன்ஸ், சுத்தம் செய்யும் கட்டணம் 350. டென்வரிலிருந்து யெல்லோஸ்டோன் போய்ச் சுற்றித் திரும்ப 1,300 மைல். அந்த வண்டி கேலனுக்கு 9 மைல் கொடுத்தால் அதிகம், பெட்ரோலுக்கு 500. நிறுத்துமிடத்துக்கு 360. கிட்டத்தட்ட 2,600 டாலர். பயணச் செலவில் பாதிக்கு மேல் இதற்கே போகிறது. யார் பெயரில் புக் செய்கிறாரோ அவர் கார்டில்தான் டெபாசிட் பிடிப்பார்கள். பின்னால் எடுக்கும்போது ஒரு கம்பத்தில் இடித்தாலும் அவர்தான் பொறுப்பு. கார்டோடு வரும் வாடகை வண்டி இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் ஆர்.வி.க்குச் செல்லாது. ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்ற வார்த்தையை நம்பி இவ்வளவையும் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். யெல்லோஸ்டோன் எங்கும் ஓடிவிடாது.

ஆனால் பயணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போய் வாருங்கள். 9 நாள், உங்கள் சொந்தக் காரில், கையில் இருக்கும் பணத்தில்.

செயின்ட் லூயிஸில் ஒரு இரவு, கேன்சஸ் சிட்டியில் தங்கை வீட்டில் இரண்டு, டென்வரில் அண்ணன் வீட்டில் மூன்று. அதன்பின் எஸ்டெஸ் பார்க் என்ற ஊரில் ஒரு இரவு தங்கி ராக்கி மவுன்டன் தேசியப் பூங்கா பாருங்கள். அங்கே டிரெயில் ரிட்ஜ் ரோடு 12,000 அடிக்கு மேல் ஏறுகிறது. காரை விட்டு இறங்கினால் ஜூலையிலும் ஸ்வெட்டர் வேண்டும். மலை பார்க்கும் ஆசை அதில் நிறைவாகவே தீரும். கோடையில் அங்கே நேரம் குறித்து முன்பதிவு கேட்பதுண்டு, கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். திரும்பும் வழியில் நெப்ராஸ்காவில் ஒரு இரவு.

மொத்தம் 2,400 மைல், பெட்ரோலுக்கு 280. மூன்று ஹோட்டல் இரவுகள் 450. மூன்று மேட்சுக்கு உங்கள் இருவருக்கு மட்டும் 240. சாப்பாடு 450. பூங்கா, செயின்ட் லூயிஸ் ஆர்ச் 80. அண்ணன் வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் வாங்கிப் போக 200. கூட்டினால் 1,700. கைக்காவலாக இன்னும் 100. சேமிப்பில் இருக்கும் 2,300-இல் மீதி 500-ஐ கிளம்பும் முன்பே கார்டில் கட்டிவிடுங்கள்.

மூன்று அணிகளும் சொந்த ஊரில் ஆடும் தேதிகளைப் பார்த்துவிட்டு அப்புறம் லீவு எழுதிக் கொடுங்கள். வார நாள் ஆட்டங்கள் பெரும்பாலும் மலிவு. 2025 மே 12 முதல், டிக்கெட் விற்பவர்கள் கட்டாயக் கட்டணங்களையும் சேர்த்தே முதலில் விலை காட்ட வேண்டும் என்பது விதி. அதனால் இரண்டு மூன்று இடங்களில் ஒப்பிடுவது எளிது. டென்வர் மைதானமான கூர்ஸ் ஃபீல்டில் ராக்பைல் என்ற பகுதி மலிவு. மேல் அடுக்கில் 20-வது வரிசை மட்டும் ஊதா நிறம், சரியாக 5,280 அடி உயரத்தில், அதாவது கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல். அங்கே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், காசில்லை. கூர்ஸ் ஃபீல்டிலும் செயின்ட் லூயிஸ் புஷ் ஸ்டேடியத்திலும் வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோக விடுகிறார்கள். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போனால் ஒரு மேட்சுக்கு 40 டாலர் மிச்சம்.

கடனைத் தீர்க்கப் பணம் உங்களிடமே இருக்கிறது. கணவர் மாதம் 400 டாலரை ஒரு ஆப் வழியாகப் பங்கிலும் கிரிப்டோவிலும் போடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தை சராசரியாக ஒரு வருடத்தில் தருவதைவிட உங்கள் கார்டு பிடுங்குவது அதிகம். அதை நிறுத்திவையுங்கள். 401-கே என்ற ஓய்வுகாலச் சேமிப்புத் திட்டத்தில் நிறுவனம் உங்கள் பணத்தோடு சேர்த்துப் போடும் பங்கை மட்டும் விட வேண்டாம். 200-உடன் அந்த 400-ஐயும் சேர்த்து மாதம் 600 கட்டினால், 5,700 டாலர் பாக்கி 11 மாதத்தில் தீரும். வட்டி மொத்தம் 650 அளவில் நிற்கும்.

இனி கஷ்டமான வேலை, அண்ணனிடம் பேசுவது. உங்கள் கணவர் இந்த வாரமே போன் செய்யட்டும். டென்வர் போய்ச் சேர்ந்த பிறகு, கவுன்டர் முன்னால் நின்றுகொண்டு பேசக் கூடாது. இப்படிச் சொன்னால் போதும்: ‘அண்ணா, கார்டுல கொஞ்சம் கடன் சேர்ந்துடுச்சு, அடுத்த கோடைக்குள்ள முடிச்சிடணும்னு இருக்கோம். அதனால இந்த வருஷம் ஆர்.வி. வேண்டாம், கார்லயே வர்றோம். மேட்ச் டிக்கெட் லிங்க் அனுப்பறேன், உங்களுக்கு நீங்க எடுத்துக்குங்க, பக்கத்துப் பக்கத்து சீட்டா பார்த்துக்கலாம். ஒரு நாள் ராத்திரி எல்லாருக்கும் பிரியாணி நாங்க செய்யறோம்.’ முன்னதாக நீங்கள் அக்காவிடம், அதாவது அவர் மனைவியிடம், ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் இன்னும் சுலபம். தம்பியைப் படிக்க வைத்தவர் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்றே நினைக்கிறேன். ஒருவேளை முகம் சுளித்தாலும், கார்டு கணவரின் பர்ஸிலேயே இருக்கட்டும்.

அந்தக் கார்டைப் பயணத்தில் அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் டெபிட் கார்டில். இந்த மூன்றோடு உங்கள் கணக்கு 10 மைதானம் ஆகிறது. அடுத்த ஜூனில் பாக்கி பூஜ்யம் என்று ஸ்டேட்மென்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள், யெல்லோஸ்டோனுக்கான கணக்கைச் சேர்ந்து போடலாம்.