மார்பகச் செல்லும் சுற்றியுள்ள மேட்ரிக்ஸும்: கேள்வி பதில்

கேள்வி: சார், மேட்ரிக்ஸ் என்பது செல்லைச் சுற்றியிருந்து அதைத் தாங்கும் புரதச் சட்டம்தானே? அது எப்படிச் செல்லின் வேலையை மாற்றும்?

பதில்: தாங்குவது அதன் வேலைகளில் ஒன்றுதான். எலியின் பால்சுரப்பிச் செல்லைப் பிளாஸ்டிக் தட்டில் வளர்த்தால் தட்டையாகப் பரவிவிடும். பால் சுரக்கத் தூண்டும் புரோலாக்டின் ஹார்மோனை ஊற்றினாலும் பாலின் பீட்டா கேசின் புரதம் அநேகமாக வராது. லேமினின் என்ற மேட்ரிக்ஸ் புரதம் நிறைந்த ஜெல்லில் வைத்தால் அதே செல்கள் உருண்டு கூடிக் கேசினைத் தயாரிக்கும். டிஎன்ஏ துளியும் மாறவில்லை. செல்லின் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரின் என்ற ஏற்பி லேமினினைப் பற்றினால்தான் புரோலாக்டினின் கட்டளை ஸ்டாட்5 என்ற தூதுப் புரதம் வழியாக உட்கருவரை முறையாகப் போய்ச் சேர்கிறது.

கேள்வி: எம்சிஎஃப்-10ஏ (புற்றாகாத மனித மார்பகச் செல்வகை) செல்லை ஜெல்லில் வளர்க்கிறேன், உருண்டை வருகிறது. பாலறையில் இருப்பதுபோல நடுவில் குழி மட்டும் வரவில்லை. இன்று எட்டாம் நாள்.

பதில்: அவசரப்படாதீர்கள். ஜெல்லைத் தொடாத உள்செல்கள் இந்தக் கட்டத்தில்தான் சாகத் தொடங்கும். குழி தெளிய 15 முதல் 20 நாள் ஆகும். அதற்குப் பிறகும் வராவிட்டால் அளவுகளைச் சரிபாருங்கள். 8 அறை ஸ்லைடில் அறைக்கு 40 மைக்ரோலிட்டர் மேட்ரிஜெல் (லேமினின் நிறைந்த, கடையில் கிடைக்கும் ஜெல்), அதன்மேல் 5,000 செல்கள். மேல் ஊடகத்தில் 2% மேட்ரிஜெல், மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் இஜிஎஃப் (செல்லை வளரத் தூண்டும் புரதம்). நாலு நாளுக்கு ஒருமுறை ஊடகம் மாற்ற வேண்டும். வளர்ப்புக் குடுவைக்கான 20 நானோகிராமை இங்கேயும் ஊற்றுவது பலர் செய்யும் தவறு. செல்கள் இரண்டிரண்டாக ஒட்டிய நிலையில் விதைத்தாலும் உருண்டைகள் ஒன்றோடொன்று இணைந்து கோணலாகும். இன்னொன்று: சாதாரண நுண்ணோக்கியில் குழி தெரியாது. அடுக்கடுக்காகப் படமெடுக்கும் கான்ஃபோக்கல் நுண்ணோக்கியில் உருண்டையின் நடுவெட்டைப் பாருங்கள்.

கேள்வி: ஓரத்தில் உருண்டை, நடுவில் தரையோடு பரவிய செல்கள். ஏன்?

பதில்: நடுவில் ஜெல் மெலிந்து, செல்கள் கண்ணாடியைத் தொட்டுவிட்டன. மேட்ரிஜெல்லை முந்தின இரவே 4 டிகிரியில் உருக வையுங்கள். பிப்பெட் முனையையும் ஸ்லைடையும் குளிரவைத்து, குமிழ் இல்லாமல் பரப்புங்கள். பிறகு உறைவதற்கு 37 டிகிரியில் 15 நிமிடம்.

கேள்வி: மேட்ரிஜெல்லுக்குப் பதில் கொலாஜன் 1 என்ற நார்ப்புரத ஜெல் மட்டும் போதுமா?

பதில்: போதாது. அதில் பாலறைச் செல்களின் உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திரும்பிவிடும். உடலில் பாலறைச் செல்களைச் சூழ்ந்திருக்கும் மயோஎபிதீலியச் செல்கள் தரும் லேமினின்தான் திசையைச் சொல்கிறது. ஜெல்லின் விறைப்பையும் மறக்காதீர்கள்: எலியின் இயல்பான மார்பகத் திசுவின் விறைப்பு ஏறத்தாழ 170 பாஸ்கல் (விறைப்பின் அலகு), கட்டியுடையது ஏறத்தாழ 4,000.

கேள்வி: அப்படியானால் மேட்ரிக்ஸைச் சரிசெய்தே புற்றுநோயைத் திருப்பிவிடலாமா, ஆய்வாளர் மினா பிஸ்ஸெல் குழு செய்ததுபோல?

பதில்: 1997இல் அவர்கள் புற்றுச் செல்லின் பீட்டா1 இன்டெக்ரினை ஆன்டிபாடியால் (குறிப்பிட்ட புரதத்தோடு ஒட்டும் புரதம்) அடைத்தார்கள், புற்றுச் செல்கள் ஒழுங்கான உருண்டைகளாகின. ஆனால் அவற்றைப் பிரித்தெடுத்து ஆன்டிபாடி இல்லாமல் வளர்த்ததும் பழைய குணம் திரும்பியது. மரபணுப் பிழைகள் உள்ளேயே இருந்தன.