உலக யூத காங்கிரஸ், ஒரு தந்தி – கடிதம்

வணக்கம்.

போருக்குப் பிறகு நாஜித் தலைவர்கள்மீது நடந்த நூரம்பர்க் விசாரணை பற்றிய உங்கள் கட்டுரையில் உலக யூத காங்கிரஸ் என்ற அமைப்பைப் போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். கட்டுரையை எங்கள் வாட்ஸப் குழுவில் பகிர்ந்தேன். ஒரு நண்பர், 'உலகத்தையே பின்னாலிருந்து ஆட்டிவைக்கிற ரகசிய அரசாங்கம் அதுதான்' என்று ஒரு மணிநேரக் காணொளியை அனுப்பிவிட்டார். இன்னொருவர், அது இஸ்ரேல் அரசின் கிளை என்கிறார். உண்மையில் அது என்ன அமைப்பு?

கே., கோவில்பட்டி

அன்புள்ள கே.,

பல நாட்டு யூத சமூகங்களின் அமைப்புகள் சேர்ந்த கூட்டமைப்பு அது. உங்கள் முதல் நண்பருக்கு ஒரு தந்தியின் கதையைச் சொல்லுங்கள்.

1942 ஆகஸ்ட் 8. ஜெனீவாவில் உலக யூத காங்கிரஸின் அலுவலகத்தை நடத்திவந்தவர் கெர்ஹார்ட் ரீக்னர், முப்பது வயது, ஹிட்லர் வந்ததும் பெர்லினைவிட்டு வெளியேறிய சட்டம் படித்த இளைஞர். எடுவார்ட் ஷுல்டே என்ற ஜெர்மன் தொழிலதிபர் தன் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்த ஒரு செய்தி, இடையில் இரண்டு பேர் கைமாறி அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. ஜெர்மனியின் பிடியில் இருக்கும் 35 முதல் 40 லட்சம் யூதர்களைக் கிழக்கே கொண்டுபோய் ஒரேயடியாகக் கொன்றுவிடத் திட்டம், அதற்குப் பிரசிக் அமிலம் என்ற கொடிய விஷத்தைப் பயன்படுத்துவதும் பரிசீலனையில் இருக்கிறது என்பது செய்தி. ரீக்னர் அதை ஜெனீவாவிலிருந்த அமெரிக்க, பிரிட்டிஷ் தூதரகங்களுக்குக் கொண்டுபோய், நியூயார்க்கில் காங்கிரஸின் தலைவர் ஸ்டீபன் வைஸுக்கும் லண்டனில் நாடாளுமன்ற உறுப்பினர் சிட்னி சில்வர்மனுக்கும் சேர்த்துவிடும்படி கேட்டார். தகவலை முழுதாக உறுதிசெய்ய முடியவில்லை என்பதையும் தந்தியிலேயே சொல்லியிருந்தார். அவ்வளவு கவனமாக எழுதிய மனிதர்.

அமெரிக்க வெளியுறவுத் துறை அந்தத் தந்தியை வைஸுக்குக் கொடுக்கவில்லை. யூதர்களின் பயத்தில் பிறந்த வதந்தி என்று அதிகாரிகள் குறிப்பு எழுதிக் கிடப்பில் போட்டார்கள். சில்வர்மன் எம்.பி. என்பதால் லண்டனில் அப்படி முழுங்கிவிட முடியவில்லை. ஒரு வாரம் தாண்டி அவர் கைக்குப் போய், அவர் வழியாகத்தான் ஆகஸ்ட் கடைசியில் வைஸுக்கே தெரியவந்தது. ஒரு உலக அமைப்பின் தலைவருக்கு அவருடைய சொந்த அலுவலகம் அனுப்பிய தந்தி! அதற்கப்புறமும், சரிபார்க்கும்வரை வெளியே சொல்ல வேண்டாம் என்று வெளியுறவுத் துணைச் செயலர் சம்னர் வெல்ஸ் கேட்டுக்கொண்டார். வைஸ் காத்திருந்தார். நவம்பர் 24 அன்றுதான் பத்திரிகையாளர்களைக் கூட்டி, ஏற்கெனவே இருபது லட்சம் பேர் கொல்லப்பட்டுவிட்டார்கள் என்று சொன்னார். டிசம்பர் 17 அன்று நேச நாடுகள் கூட்டறிக்கை வெளியிட்டன, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் எழுந்து நின்று மௌனம் காத்தார்கள்.

என்னை உலுக்குவது இதுதான். தந்தியில் 'திட்டம் பரிசீலனையில்' என்று இருந்ததே, ரீக்னர் அதை எழுதும்போது போலந்தில் ட்ரெப்ளிங்கா என்ற கொலை முகாம் இயங்கத் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. வார்சாவிலிருந்து தினமும் ஆயிரக்கணக்கானவர்களை அங்கே ரயிலேற்றிக்கொண்டிருந்தார்கள்.

இதோடு முடியவில்லை. 1943 பிப்ரவரியில், தனியாருக்கான இப்படிப்பட்ட செய்திகளை இனி வாங்கி அனுப்ப வேண்டாம் என்று வாஷிங்டனிலிருந்து சுவிட்சர்லாந்தில் இருந்த அமெரிக்கத் தூதரகத்துக்கே உத்தரவு போனது. ருமேனியா, பிரான்ஸ் யூதர்களை மீட்கப் பணம் அனுப்ப ரீக்னர் கேட்ட அனுமதி மாதக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டு, கிடைக்கும்போது 1943 டிசம்பர். அந்த இழுத்தடிப்பைக் கண்டுபிடித்த அமெரிக்க நிதித் துறையின் இளம் அதிகாரிகள் சிலர் கொதித்துப்போய், நம் அரசாங்கமே இந்தக் கொலைக்கு உடந்தையாக இருக்கிறது என்று அறிக்கை எழுதி மேலே கொண்டுபோனார்கள். அதன் பிறகுதான், 1944 ஜனவரியில், அதிபர் ரூஸ்வெல்ட் அகதிகளுக்கான போர்க்கால வாரியத்தை அமைத்தார். உலகத்தை ஆட்டிவைப்பவர்கள் ஒரு தந்திக்காகத் தூதரக வாசலில் நிற்பார்களா என்று உங்கள் நண்பரிடம் கேளுங்கள்.

சரி, அமைப்பு எப்படி வந்தது? முதல் உலகப் போருக்குப் பிறகு 1919 பாரிஸ் சமாதான மாநாட்டில், கிழக்கு ஐரோப்பிய யூதர்களுக்குச் சிறுபான்மை உரிமை கேட்க ஒரு பிரதிநிதிக் குழு வேலை செய்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அது போதாது என்று தெரிந்துவிட்டது. 1936 ஆகஸ்டில் ஜெனீவாவில் 32 நாடுகளிலிருந்து வந்த 280 பிரதிநிதிகள் கூடி உலக யூத காங்கிரஸை நிறுவினார்கள். வைஸோடு சேர்ந்து அதைக் கட்டியெழுப்பியவர் நாஹும் கோல்ட்மன். ஒவ்வொரு நாட்டு யூத சமூகத்தின் அமைப்பும் அதில் உறுப்பு. அப்போதே எல்லா யூதர்களும் ஒத்துக்கொள்ளவில்லை. அமெரிக்க யூதக் கமிட்டி வெளிப்படையாகவே எதிர்த்தது. யூதர்கள் உலக அளவில் ஒரே அரசியல் அணி என்ற எதிரிகளின் பிரச்சாரத்துக்கு நாமே தீனி போடுவதாகும் என்பது அவர்கள் வாதம். வலுவான வாதம்தான், ஆனால் அமைப்பே இல்லாமல் இருந்தாலும் அந்தப் பிரச்சாரம் நிற்கப்போவதில்லை என்பதால் எனக்கு வைஸ் பக்கம்தான் சரி என்று படுகிறது.

அவர்களுடைய பலம் ஆவணத்தில் இருந்தது. 1941-இல் நியூயார்க்கில் ஜேக்கப் ராபின்சன் தலைமையில் ஒரு ஆய்வு நிறுவனத்தை அமைத்து, போர் நடக்கும்போதே நாஜிச் சட்டங்களையும் குற்றங்களையும் தொகுத்தார்கள். நூரம்பர்க்கில் அமெரிக்க வழக்கறிஞர் குழுவுக்கு அது உதவியது. நான் அந்தக் கட்டுரையில் சொன்னது இதைத்தான். அடுத்தது இழப்பீடு. 1951 டிசம்பரில் கோல்ட்மன் லண்டனில் ஜெர்மன் பிரதமர் அடனாவரை ரகசியமாகச் சந்தித்துப் பேச, 1952 செப்டம்பரில் லக்சம்பர்க்கில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க், மற்ற நாடுகளில் இருந்தவர்களுக்காக 45 கோடி மார்க். கொலைகாரர்களிடம் காசு வாங்குவதா என்று ஜெருசலேமில் கலவரமே நடந்தது. அந்தக் கோபத்தை என்னால் தவறென்று சொல்ல முடியவில்லை.

1990களின் சுவிஸ் வங்கி விவகாரம் உங்களுக்கு நினைவிருக்கலாம். நாஜிகள் கொன்ற யூதர்கள் அந்த வங்கிகளில் போட்டுவைத்திருந்த பணம் பற்றியது. அப்பாவின் கணக்கைத் தேடிப்போன பிள்ளைகளிடம் வங்கிகள் இறப்புச் சான்றிதழ் கேட்டன. அவுஷ்விட்ஸ் கொலை முகாமில் யார் சான்றிதழ் கொடுத்தார்கள்? 1996-இல் 775 கேட்பாரற்ற கணக்குகள்தான் இருக்கின்றன என்றது வங்கியாளர் சங்கம். காங்கிரஸின் தலைவர் எட்கர் பிரான்ஃப்மன் விடவில்லை. பால் வோல்கர் தலைமையிலான குழு தோண்டியபோது, நாஜிகளுக்குப் பலியானவர்களோடு தொடர்பிருக்கக்கூடிய கணக்குகள் சுமார் 54,000 என்று வந்தது. அதற்கு முன்பே, 1998 ஆகஸ்டில், 125 கோடி டாலருக்கு வங்கிகள் சமரசத்துக்கு வந்துவிட்டன.

இரண்டாவது நண்பரின் கேள்வி நியாயமானது. காங்கிரஸ் இஸ்ரேலை ஆதரிக்கும் அமைப்பு, அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் அரசின் கிளை அல்ல, தலைவர்களைத் தேர்ந்தெடுப்பது உறுப்பு அமைப்புகள்தான். 1982-இல் இஸ்ரேல் படை பெய்ரூட்டை முற்றுகையிட்டபோது, கோல்ட்மனும் அவருக்குப் பின் தலைவராக இருந்த பிலிப் க்ளட்ஸ்னிக்கும், முன்னாள் பிரெஞ்சுப் பிரதமர் மெண்டெஸ் பிரான்ஸோடு சேர்ந்து பாரிஸிலிருந்து ஓர் அறிக்கை விட்டார்கள். முற்றுகையை நீக்குங்கள், இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் ஒன்றையொன்று அங்கீகரிக்கட்டும் என்று. பதவியில் இல்லாத பெரியவர்கள் சொன்னதுதான், அமைப்பின் தீர்மானம் அல்ல. ஆனாலும் சொன்னார்கள். கோல்ட்மன் அடுத்த மாதமே இறந்துபோனார். அப்படிப்பட்ட குரல் அந்த அமைப்பின் உச்சியிலிருந்து அபூர்வமாகத்தான் வருகிறது. சிறுபான்மையினரின் உரிமையைக் கேட்டுத் தொடங்கிய இயக்கம் பாலஸ்தீனர்களின் உரிமையைப் பற்றியும் அதே உரத்த குரலில் பேச வேண்டும் என்று நான் எதிர்பார்க்கிறேன். அதன் வரலாற்றை மதிப்பதால்தான் இந்த எதிர்பார்ப்பு.

காணொளியை முழுதாகப் பார்க்கவில்லை, முதல் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது. இந்தப் பதிலை அதே குழுவில் போடுங்கள்.