ரெபுட்டியாவை ஊட்டிக்கு அனுப்புங்கள்

அம்மா, ஆன்லைனில் வாங்கிய ரெபுட்டியா கள்ளி இரண்டு வருஷமாகியும் பூக்கவில்லை. உருண்டையாக வந்த செடி வெளிறி நெட்டையாகிறது. என்ன உரம் போடலாம்? தென்னமெரிக்கக் கள்ளிகளை மட்டும் சேர்க்க ஆசை.
– மதுரை வாசகி

உரப் பையை ஓரமாக வையுங்கள். ரெபுட்டியாவுக்குப் பசி இல்லை, புழுக்கம் தாங்கவில்லை. பொலிவியா, வடமேற்கு அர்ஜென்டினா மலைகளில், பெரும்பாலும் 2,000 மீட்டருக்கு மேலே வாழ்கிற செடி அது. குளிர்காலத்தில் தண்ணீரே இல்லாமல், நடுங்கும் இரவுகளைக் கழித்த பிறகுதான் நன்றாக மொட்டு விடும். மதுரையில் மார்கழி இரவே 20 டிகிரியைச் சுற்றித்தான் நிற்கிறது. ஊட்டியில் அத்தை, சித்தி யாராவது இருந்தால் கொடுத்துவிடுங்கள். நெட்டையானதற்குக் காரணம் வேறு: வெளிச்சம் போதவில்லை.

தென்னமெரிக்கா என்று மொத்தமாக ஆசைப்படாமல் பிரேசில், பராகுவே பக்கம் வாருங்கள். பிரேசிலின் வடகிழக்கில் காட்டிங்கா என்ற வறண்ட முட்காடு. அங்குள்ள மெலோகாக்டஸ் நம் சித்திரையைச் சிரித்துக்கொண்டே கடக்கும். குளிர்தான் அதற்கு எமன். வயதுக்கு வந்ததும் பச்சை உடல் வளர்வதை நிறுத்திவிட்டு, உச்சியில் கம்பளியும் முள்மயிரும் கலந்து ஒரு தலைப்பாகை கட்டிக்கொள்ளும். பிறகு வளர்வது தலைப்பாகை மட்டும்தான். அதற்குள்ளிருந்து இளஞ்சிவப்புக் காய்கள் எட்டிப் பார்க்கும். அங்கே அவற்றைப் பல்லிகள் தின்று விதை பரப்புகின்றன; என் மாடியில் அணிலுக்கும் எனக்கும் போட்டி. ஒற்றைச் செடியே விதை கொடுக்கும் என்பதால், வாங்குவதைவிட விதைத்துப் பெருக்குவதே எனக்குப் பிடிக்கும்.

ஜிம்னோகாலிசியமும் வாங்குங்கள். புல், புதர் நிழலில் வளர்ந்து பழகியது, எனவே பச்சை வலைக்கடியில் வையுங்கள். இதில் விதை பிடிக்க வேண்டுமானால் பெரும்பாலும் இரண்டு வெவ்வேறு செடிகள் தேவை. எல்லாவற்றுக்கும் தேங்காய் நார்த்தூளைக் குறைத்து, சலித்த செங்கல் ஜல்லி, பெர்லைட்டைக் கூட்டுங்கள். ஐப்பசி அடைமழைக்கு மேலே ஒரு ஷீட் கட்டாயம். செடி காரணமின்றி வாடினால் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள், மாவுப்பூச்சி அங்கேயும் குடியிருக்கும்.

நர்சரியில் விற்கும் சிவப்பு உருண்டைக் கள்ளி எத்தனை நாள் வாழும்?
– திருச்சி வாசகர்

சில வருஷம். அது இரண்டு செடி. மேலே இருப்பது பராகுவே ஜிம்னோகாலிசியத்தின் பச்சையமில்லாத பிறழ்வு, கீழே டிராகன் ஃப்ரூட் தண்டு. தண்டு சமைக்கிறது, உருண்டை சாப்பிடுகிறது. சேகரிப்பில் நான் சேர்க்க மாட்டேன். பேரப்பிள்ளைகள் கேட்டால் வாங்கிக் கொடுங்கள்.

சிலி காட்டில் எடுத்தது என்று ஒருவர் பெரிய கோபியாபோவா கள்ளி தருகிறார். வாங்கலாமா?
– கோவை வாசகர்

வேண்டாம். அட்டகாமா கடலோரத்தில் மழை அரிது. பசிபிக்கிலிருந்து ஏறிவரும் பனிமூட்டத்தின் ஈரத்தை நம்பி வாழ்கிற இனம். கையளவு பருமனுக்கே பல பத்தாண்டுகள் எடுக்கும். 2020இல் இத்தாலிப் போலீஸ் ஒரே வீட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கள்ளிகளைப் பிடித்தது. பெரும்பாலும் கோபியாபோவா. மறு ஆண்டு நூற்றுக்கணக்கில் சிலிக்கே திருப்பி அனுப்பினார்கள். அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை, கள்ளிகளைக் கடத்துவதைத் தடுக்கிறது. வடுவும் கோணலுமான உடல், வெட்டிய பழைய வேர் இருந்தால் சந்தேகப்படுங்கள். விதையில் வளர்ந்த சின்னச் செடி போதும்.

காக்டஸ் வகைக் கள்ளியெல்லாம் அமெரிக்காதான் என்கிறார்கள். எங்கள் மலைக்காட்டில் மரத்தில் தொங்குகிறதே?
– கண்டி வாசகர்

சரியாகப் பிடித்தீர்கள்! அது ரிப்சாலிஸ் பேக்சிஃபெரா. தென்னமெரிக்காவிலும் உண்டு, அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இலங்கை என இயற்கையாக வளரும் ஒரே காக்டஸ் வகைக் கள்ளி. முள் இல்லை, வெயிலும் ஆகாது. ஆர்க்கிட் கலவையில் நட்டு நிழலில் தொங்கவிடுங்கள். மற்றக் கள்ளிகளைப் போலக் காயப் போடாமல் தண்ணீர் விடுங்கள்.