ஊசி போடாத பூனைக்குட்டி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அடுத்த வீதியில் மூன்று பூனைகள் வாந்தியெடுத்துச் செத்துவிட்டன. எங்கள் குட்டிக்கு ஏழு வாரம். ஊர் மருந்தகத்தில் ஆடு, மாட்டுக்குத்தான் ஊசி இருக்கிறதாம். அப்பத்தா தினமும் ஃபினாயில் விட்டுத் தரையைக் கழுவுகிறார்கள். அது போதுமா?
— வாசகி, கண்டனூர்

பதில்: அப்பத்தாவிடம் பக்குவமாகச் சொல்லி ஃபினாயிலை இன்றே நிறுத்துங்கள். கறுப்போ வெள்ளையோ, டெட்டாலோ, எதுவும் பூனைக்கு ஆகாது. பாதத்தை நக்கும்போது உள்ளே போகும். அதை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவு. அடுத்த வீதியில் வந்தது பான்லூகோபீனியா என்ற பூனைத் தொற்றுநோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதை உண்டாக்கும் பார்வோ வைரஸ் ஃபினாயிலுக்குச் சாகாது. ஒரு வருடம் வரைகூட மண்ணிலும் தரையிலும் தாங்கும்.

அதைக் கொல்வது பிளீச்சிங் பவுடர். புதிதாகப் பிரித்த பவுடர், லிட்டர் தண்ணீருக்கு மட்டமாக 2 டீஸ்பூன். அரைமணி நேரம் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். தரையை முதலில் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவ வேண்டும். மலமோ வாந்தியோ ஒட்டியிருந்தால் குளோரின் அதிலேயே தீர்ந்துவிடும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். தெளிநீரை விட்டு 10 நிமிடம் தரை ஈரமாகவே இருக்கட்டும். பிறகு நல்ல தண்ணீரால் இரண்டு முறை அலசி, நன்றாகக் காய்ந்தபின் குட்டியை விடுங்கள். தரை ஆத்தங்குடிக் கல் (வண்ணத் தரை ஓடு) என்றால் முதலில் ஒரு மூலையில் விட்டு நிறம் மங்குகிறதா என்று பாருங்கள். ஆசிட் மட்டும் சேர்க்கவே கூடாது: கல்லையும் அரிக்கும், பிளீச்சிங்கோடு கலந்தால் விஷவாயுவும் கிளம்பும்.

வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) குட்டியை விடாதீர்கள். மேலே திறந்திருப்பதால் ஓட்டுக்கூரை வழியாகத் தெருப்பூனைகள் இறங்கிவிடும். வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில், கதவு சாத்தக்கூடிய அறை ஒன்றை ஒதுக்குங்கள். நோய் வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் நம் காலிலும் கையிலும்தான். செருப்பு முகப்போடு நிற்கட்டும். வெறுங்காலோடு நடந்து வந்தவர்களும் சோப்புப் போட்டுக் கால் கழுவியே அறைக்குள் போக வேண்டும். வெளிப்பூனையைத் தொட்டவர் உடையும் மாற்ற வேண்டும். செத்த பூனை தின்ற தட்டு, படுத்த சாக்கு எதையும் இரவல் வாங்காதீர்கள்.

குட்டி தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டு, குடிக்காமல் உட்கார்ந்திருந்தால் காத்திருக்காதீர்கள். மஞ்சள் நுரையாக வாந்தி, காய்ச்சல், பிறகு நாற்றமான பேதி என்று போகும். குட்டிகள் பெரும்பாலும் உடம்பில் நீர் வற்றித்தான் சாகின்றன. அதனால் டிரிப் போடக்கூடிய மருத்துவரிடம் அன்றே போக வேண்டும். கால்நடை உதவி எண் 1962-க்கு அழைத்து வழி கேளுங்கள். பாராசிட்டமால் ஒரு துணுக்குகூடக் கூடாது, அது பூனையைக் கொன்றுவிடும்.

கேள்வி: எட்டாவது வாரத்தில் மதுரைக்குக் கொண்டுபோய் ஒரு ஊசி போட்டோம். இனி வெளியே விடலாமா?
— வாசகர், பள்ளத்தூர்

பதில்: கூடாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் மிச்சமிருந்தால், தடுப்பூசியை அதுவே அடக்கிவிடும். எந்த வாரத்தில் அது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 3–4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை திரும்பப் போடுகிறார்கள். கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் கழியும்வரை அறைதான். வெறிநோய் ஊசி தனி. 12 வாரத்துக்கு மேல்.

ஒவ்வொரு தடவையும் மதுரை போக முடியாவிட்டால், உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவர் போட ஒப்புக்கொள்வாரா என்று முதலில் கேளுங்கள். ஒப்புக்கொண்டால், மதுரையில் வாங்கிவரும் மருந்து வழி முழுக்க 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஐஸ் பெட்டியில், குப்பியைத் துணியில் சுற்றி, ஐஸ் நேராகப் படாமல் வையுங்கள். உறைந்தாலும் மருந்து கெடலாம். ஃபிரிட்ஜில் இல்லாமல் வெளியே வைத்திருந்த குப்பியை எடுத்துத் தந்தால் வாங்காதீர்கள்.

கேள்வி: தெருக்குட்டி என் மகனைப் பிறாண்டிவிட்டது. லேசான கீறல்தான்.
— வாசகி, தேவகோட்டை

பதில்: ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காமல் இன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். பூனைக் கீறலுக்கும் போடும் வெறிநாய்க்கடி ஊசி அங்கே இலவசம். சொன்ன தேதிகளில் ஒன்றுகூடத் தவறக் கூடாது.